மலை வளைவில் பச்சைக் கொடி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி தூக்கலாக இருக்கிறது. சாரல் காலத்துக்கு அதுதான் சரி. முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க டீ குடித்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், நம்பலாம்.

என் பெயர் குத்தாலிங்கம், வயது எழுபத்தொன்று. பண்பொழி போகிற வழியில் இருக்கிறதே பைக் ரேஸ் தடம், அதில் நாற்பது வருஷமாக நான்தான் கொடி காட்டுகிறேன். நீங்கள் வெளியூர், அதனால் விவரமாகச் சொல்கிறேன். எழுபது வருஷத்துத் தடம் அது. ரேஸ் அன்று ஐந்தருவியில் நான்கு அருவி விழுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும். குளிக்க வந்தவர்கள் பாவம் என்று ஒன்று மட்டும் விழுந்துகொண்டிருக்கும். ஐம்பதாயிரம் பேர் கூடியிருக்கிறார்கள் என்று மைக்கில் சொல்வதும் நான்தான். இங்கே உண்மை சொல்ல வந்திருப்பதால் சொல்கிறேன், வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் இரண்டு பேர் மாடு தேடி வந்தவர்கள்.

நிலம் கடற்கரை அண்ணாச்சியுடையது. அவருடைய அப்பா ரேஸுக்கென்று விட்டுவைத்த இடம். போன வருஷம் சித்திரையில் அண்ணாச்சி அங்கே பிளாட் போடப்போகிறேன் என்று வரிசையாக மஞ்சள் கல் நட்டுவிட்டார். நான் போய்க் கேட்டேன்.

"வே குத்தாலிங்கம், நாப்பது வருசமா ஒரு துணிய ஆட்டுதீரு. கை வலிக்கலையா வே? வீட்ல போயி ஃபேனுக்குக் கீழ உக்காரும்" என்றார்.

துணி என்றார். நான் கோபப்படவில்லை. கோபத்தில் செய்கிறவர்கள் அவசரப்பட்டுக் கெடுத்துவிடுவார்கள். நான் முதலில் மனு எழுதினேன். பழமையான தடம் என்பதற்கு என்ன சான்று என்று பதில் வந்தது. ராஜா யாரும் ஓட்டவில்லை, கல்வெட்டும் இல்லை. நான் இருக்கிறேன், ஆனால் என்னைச் சான்றாக இணைக்க முடியாதாம்.

அப்புறம்தான் யோசித்தேன். எங்கள் பக்கம் சாலையை அகலப்படுத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று மாடி வீட்டை இடிப்பார்கள். ஆனால் அடிபட்டுச் செத்த ஒருவனுக்கு வைத்த மூன்றடிப் பீடம் குறுக்கே வந்தால், சாலை தானாக வளைந்து போய்விடும். பீடத்தில் கை வைக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. எங்கள் தடத்திலோ எழுபது வருஷத்தில் ஒருவன்கூடச் சாகவில்லை. அதுதான் பெரிய குறை. யாரை நொந்துகொள்ள? அவ்வளவு நன்றாகக் கொடி காட்டியிருக்கிறேன்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் சிரமமாக இருந்தது. கிங்ஸ்லி நல்ல வேகம், ஆனால் அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போய்விடுவார்கள். முஃபீதை அவர்கள் பள்ளிவாசலுக்கு. தடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. இசக்கிராஜா பொருத்தமாக இருந்தான். இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, பீடத்துக்கு மேலே போட்டோ மாட்டினால் எடுப்பாக இருக்கும். என்னைக் கொடி மாமா என்றுதான் கூப்பிடுவான்.

ஆனி மாத ரேஸ். எங்கள் ஊர்ச் சாரலின் குணம் உங்களுக்குத் தெரியாது. தடத்தின் இந்தக் கோடியில் வெயில் காயும், அந்தக் கோடியில் மலை வளைவு மட்டும் நனைந்து கிடக்கும். வருகிறவன் கண்ணுக்கு அது தெரியாது, வளைவில் நிற்கிற எனக்குத்தான் தெரியும். நனைந்தால் மஞ்சள், காய்ந்திருந்தால் பச்சை. இவ்வளவுதான் என் வேலை.

அன்று காலையில் இசக்கிராஜா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "மாமா, நான் ரோட்ட பாக்க மாட்டேன், உங்க கொடிய மட்டுந்தான் பாப்பேன். தூங்கிராதிய" என்று சிரித்தான்.

நான் தூங்கவில்லை. ஆறாவது சுற்றில் சாரல் இறங்கியது. செம்மண் எண்ணெய் பூசினது மாதிரி மினுங்கியது. கிங்ஸ்லி பின்தங்கியிருந்தான். இசக்கிராஜா தனியாக வந்தான். என் இடது கையில் மஞ்சள் இருந்தது. வலது கையைத் தூக்கினேன். அவன் என் கொடியைப் பார்த்தான், கொஞ்சமும் வேகம் குறைக்கவில்லை.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். நாற்பத்தொன்றாம் நாள் பீடம் வந்தது. வெள்ளையடித்து, காவிப் பட்டை போட்டு, மாலை சாத்தி. முதல் ஆளாக விழுந்து கும்பிட்டவர் கடற்கரை அண்ணாச்சி. மறுநாள் மஞ்சள் கற்களைத் தன் கையாலேயே பிடுங்கினார். நான் வீட்டுக்குப் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். நிம்மதியாக இருந்தது.

இந்த மாதம்தான் சிக்கல். பீடத்துக்கு எடுத்த முதல் வருஷக் கொடை விழாவில் இசக்கிராஜாவின் அம்மா வடிவம்மாளுக்குச் சாமி வந்தது. "என் தலமாட்டுல வண்டி ஓட்டுதியளாலே? இனி இங்கன ஒரு வண்டிச் சத்தம் கேக்கப்பிடாது" என்று ஆடினாள். ஊரே செருப்பைக் கழற்றிவிட்டுச் சரி சரி என்றது. தடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். கடற்கரை அண்ணாச்சி மூடியிருந்தால் மனுவாவது போடலாம். சாமிக்கு எந்த அலுவலகத்தில் மனு போடுவது?

அது இசக்கிராஜா இல்லை, அம்மா. வண்டி வேண்டாம் என்று அவன் சொல்லவே மாட்டான். எனக்கு அவனைத் தெரியும்.

அதனால்தான் நானே நடந்து வந்தேன். இது விதியில்லை, சாமி செயலுமில்லை, சாதாரணக் கொலை, செய்தவன் நான். இதை எழுதிக்கொண்டு பீடத்தை எடுத்துவிடுங்கள் என்று உங்கள் ரைட்டர் அய்யாக்குட்டியிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தானா விழலியா? நம்ப வச்சுக் கொன்னுட்டீராவே? அப்படிச் செத்தா துடியான சாமில்லா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியே போய் யாருக்கோ போன் வேறு செய்கிறார். கல் பீடத்தைக் கோயிலாக எடுத்துக் கட்ட வேண்டும் என்று பேசுவது இங்கே கேட்கிறது.

அதை நீங்கள்தான் கண்டிக்க வேண்டும். தண்டனையைப் பற்றி அப்புறம் பேசலாம், எனக்கு அவசரமில்லை. வருகிற ஞாயிறு ரேஸ் தேதி. அந்த ஒரு நாள் மட்டும் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, என்னையும் வெளியே விடுங்கள். பையன்கள் பயப்படுவார்கள் என்கிறீர்களா? மாட்டார்கள். சாரல் காலம், அம்மா. மலை வளைவில் நிற்க நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டாமா?