காலைக் கழுவிவிட்டு உள்ளே போகவும்

ஐயா, கோழி வளர்ப்பில் பாதி வேலை தண்ணீர்தான். கலங்கிய தண்ணீரை வைத்துவிட்டு எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் பயனில்லை. கேட்டதை விட்டுவிட்டு எதையோ சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது.

என் பெயர் தங்கவேல். பாகூர் ஏரிக்கரையை ஒட்டிக் கொட்டகை போட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். போன மார்கழியில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. கழுத்தை முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மிளகும் சீரகமும் கீழாநெல்லியும் அரைத்து ஊட்டினேன். மடியில் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். ஒருநாள் சேவல் கூவாமலே விடிந்தது.

"எங்கப்பா சாவுக்குக்கூட நீ இப்புடி அழுவலியே. இன்னொரு வாட்டி இதப் பாக்க என்னால ஆவாதுய்யா" என்று சொல்லிவிட்டு, என் மனைவி அமுதம் அரியாங்குப்பத்துத் தாய்வீட்டோடு போய்விட்டாள்.

மறுபடி குஞ்சு வாங்கினேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். கொட்டகை வாசலில் சுண்ணாம்புத்தூள் கொட்டி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தேன். காலைக் கழுவாமல் நானே உள்ளே போவதில்லை. அடுத்த வீட்டுத் தனக்கொடி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"இன்னாண்ணே, கோயிலுக்குப் போறாப்புல போற? உள்ள கோழிய வச்சிருக்கியா, சாமிய வச்சிருக்கியா?"

நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கோழிகளுக்குக் கூடு கிடையாது. குப்பையில் மேய்ந்துவிட்டு வேலியில் புகுந்து வரும். கட்டிப்போடச் சொல்லிப் பலமுறை கேட்டேன். "காலு இருக்கிறது நடக்கத்தானேண்ணே" என்றாள்.

இந்த ஆனியில் அவளுடைய பெட்டை ஒன்று இறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடியபடி என் வேலியோரம் நின்றது. எனக்குப் போன மார்கழிதான் நினைவுக்கு வந்தது. அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தது. நொய்யில் பிசைந்து வேலிக்கு அந்தப்பக்கம் வைத்தேன். என் கோழிகளுக்கு எட்டாதபடி கவனமாகத்தான் வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் சீக்கு வந்து சாகும் கோழியை யாரும் புதைப்பதில்லை. மஞ்சளைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்துவிடுவார்கள். தனக்கொடி ஈரல், குடல் எதையும் வீணாக்க மாட்டாள். எனக்கு அது தெரியும். அவள் முற்றத்தில் உட்கார்ந்து இறகு பிடுங்கியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். சொல்லியிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். ஊர் கூடினால் அத்தனை பேர் காலும் என் கொட்டகைக்குத்தான் வந்திருக்கும்.

பொழுது சாய்ந்ததும் வேலிக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "புடிண்ணே. அண்ணி இல்லாத வூட்ல இன்னாத்த ஆக்கித் துன்ற நீ?"

மரியாதைக்கு வாங்கிக்கொண்டேன். குழம்பைக் குழி தோண்டிக் கொட்டி, சுண்ணாம்பு தூவி மூடினேன். கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி வேலியில் கவிழ்த்து வைத்தேன். அவள் புருஷன் வீரப்பன் கரும்பு வெட்டிவிட்டுப் பசியோடு வந்திருந்தான். இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டது கேட்டது. மறுநாள் அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. கிண்ணமும் வைத்த இடத்திலேயே இருந்தது.

அவள் கோழிகளுக்குச் சீக்கே இல்லை, அந்தப் பெட்டை வெயிலுக்குத்தான் சோர்ந்து நின்றிருக்கும் என்று கால்நடை டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். நாளைக்கு வந்திருக்கும்.

நொய்யில் மருந்து பிசைந்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். செவலைக் கோழி அடையில் இருக்கிறது. தண்ணீர் வைக்க யாரை அனுப்பினாலும் காலைக் கழுவிவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். அடுத்தவர் அலட்சியத்தால் ஓர் உயிர் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது ஐயா.