வயலின் வாசிக்காத கச்சேரி

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில், எனக்கு எதிரே ஓர் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் மடியில் வயலின் பெட்டி. புத்தகம் படிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

"மேடையில நீ பாட்ட மறந்துட்டியோன்னு நெனச்சுதான் நான் தாளம் போட்டேன்" என்றார் அம்மா.

"மறக்கலம்மா. அந்த ஐட்டமே அப்படித்தான் லா. நான் வாசிக்காம உக்காந்திருப்பேன். அப்ப ஹால்ல என்ன சத்தம் கேக்குதோ, அதான் மியூசிக்."

"ஏர்கோன் சத்தம், வெளிய மோட்டார் சத்தம், அதெல்லாமா?"

"எல்லாம்தான்."

"எல்லாரும் உன்னையே பாக்குறாங்க. நீ வில்லக் கையில வச்சிக்கிட்டு அப்படியே இருக்க. எனக்கு மனசு கேக்கல." மகள் பக்கம் திரும்பி, "நான் கெடுத்துட்டேனா?"

மகள் போனை எடுத்து, இயர்போனில் ஒன்றை அம்மா காதில் வைத்தாள்.

"ரெக்கார்டிங். தொடையில தட்டுறது நீங்க. கிலுகிலுங்குதே, அது உங்க வளையல்."

அம்மா கண்ணை மூடிக் கேட்டார். சுபாங் ஜெயா ஸ்டேஷன் வந்து போனது.

"இன்னும் யார் யாரோ தட்டுறாங்களே."

"உங்களப் பாத்துதான்."

"நடுவுல யாரோ மூக்க உறிஞ்சுறாங்க. யாரு அது?"

"நான்தாம்மா."