இடுக்குக்குள் போன குட்டி டிஸ்க்

மாமியார்: ஏன் மாப்ள... முழுங்கிடுச்சா?

மாப்பிள்ளை: முழுங்கிடுச்சு அத்தை. கர்ருன்னு ஒரு சத்தம், அப்புறம் கப்சிப்.

மாமியார்: திரையில ஒண்ணும் வரலையே.

மாப்பிள்ளை: வராது. இப்பத்தான் போன்ல படிச்சேன். தட்டு வெளிய வர்ற கம்ப்யூட்டர்னா நடுவுல சின்ன டிஸ்க்குக்குன்னு ஒரு பள்ளம் இருக்கும், வெச்சா ஓடும். இதுல வெறும் இடுக்குதான். பெரிய டிஸ்க்கோட விளிம்பைப் பிடிச்சு உள்ள இழுத்துக்கும். உள்ளங்கை அளவு டிஸ்க்கைத் தள்ளினா, பிடிமானம் இல்லாம உள்ளயே விழுந்து கிடக்கும்.

மாமியார்: இதைத் தள்றதுக்கு முன்னாடி படிச்சிருக்கலாம்.

மாப்பிள்ளை: நீங்கதானே அத்தை, "ஓட்டை இருக்குல்ல, தள்ளுங்க"ன்னீங்க?

மாமியார்: நான் சொல்றதையெல்லாம் கேக்கற ஆளா நீங்க? இன்னைக்குன்னு பார்த்துத்தான் கேக்கணுமா?

மாப்பிள்ளை: மணி நாலேகால். அஞ்சுக்கு உங்க பொண்ணு வந்துடுவா. வந்ததும் பாடப் புத்தகத்துக்கு வரைஞ்ச படத்தையெல்லாம் இதுலேருந்துதான் அனுப்பணும். காலையில ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனா, கம்ப்யூட்டர்ல யாரும் கைவைக்கக் கூடாதுன்னு.

மாமியார்: மூணு தடவை. என்கிட்ட தனியா ஒரு தடவை.

மாப்பிள்ளை: ஏன், உங்க மேல சந்தேகமா?

மாமியார்: "அந்த டிஸ்க்கை அவர் கண்ணுல காட்டினே, உன்கூடப் பேசவே மாட்டேன்"ன்னு சொல்லியிருக்கா. நீங்க நச்சரிச்சீங்களேன்னு பெட்டியில புடவைக்கு அடியில வெச்சு எடுத்துட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

மாப்பிள்ளை: பின்ன என்ன அத்தை... "எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேணும்"னு மாமா கேமராவை வெச்சுக்கிட்டுக் கேட்டார், பத்து வயசுல இவ அரைமணி நேரம் பதில் சொன்னா, அது இந்த டிஸ்க்குல இருக்குன்னு நீங்க சொன்னா, பார்க்கணும்னு தோணாதா? கல்யாணமாகி மூணு வருஷம். என்னைப் பத்தி ஒரு வார்த்தை... நல்லதோ கெட்டதோ... அவ வாய்லேருந்து வந்ததில்ல. அதிலயாவது தெரிஞ்சுக்கலாம்னுதான்.

மாமியார்: அவ அப்பாவும் அப்படித்தான். மனசு நிறைய இருக்கும், வாயில வராது. சரி, நகருங்க. முப்பது வருஷம் பிரசவ வார்டுல நின்ன கை இது.

மாப்பிள்ளை: அத்தை, இடுக்கி வேணாம். கீறிடும். விசிட்டிங் கார்டு முனையில ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் சுத்தி வெச்சிருக்கேன், இதை உள்ள விடுங்க.

மாமியார்: கொண்டாங்க. நீங்க கம்ப்யூட்டரைச் சாய்ச்சுப் பிடிங்க. இடுக்கு தரையைப் பார்க்கணும்... இன்னும்... ம், போதும்.

மாப்பிள்ளை: கனமா இருக்கு, சீக்கிரம்...

மாமியார்: இதுல சீக்கிரம்லாம் கிடையாது. ஒட்டுது... விளிம்பு தெரியுது... அசையாதீங்க. மூச்சு விடுங்க.

மாப்பிள்ளை: நானா?

மாமியார்: நீங்கதான். முகமெல்லாம் செவந்துபோச்சு. வந்துடுச்சு பாருங்க, முழுசா.

மாப்பிள்ளை: அப்பாடா... அத்தை, நம்மளுது மேல மாமா நீல மையில எழுதியிருந்தாரே?

மாமியார்: ஆமா.

மாப்பிள்ளை: இதுல நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு.

மாமியார்: எங்க... இது நம்மளுது இல்லையே. மறுபடி சாய்ங்க, மாப்ள. உள்ள இன்னொண்ணு இருக்கு.

மாப்பிள்ளை: ரெட்டையா?

மாமியார்: என் சர்வீஸ்ல எத்தனையோ ரெட்டை பார்த்துட்டேன், பேசாம பிடிங்க... இதோ... இதான் நம்மளுது. அன்னைக்கு அவர் ரெண்டு காப்பி போட்டார், எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. அவளுது தொலைஞ்சுபோச்சுன்னாளே...

மாப்பிள்ளை: அத்தை... வாசக்கதவு.

மகள்: என்னங்க இது, ரெண்டு பேரும் என் கம்ப்யூட்டரைக் கவுத்துப் போட்டு என்ன பண்றீங்க?

மாமியார்: தூசி தட்டுறோம்.

மகள்: தூசி வட்டமா ரெண்டு வந்திருக்கு. கம்ப்யூட்டர் ஓடுதா?

மாப்பிள்ளை: ஓடுது, ஓடுது. ஒண்ணு நாங்க போட்டது, ஒத்துக்கறேன். இந்த நட்சத்திரம் யாருது?

மகள்: அதை இப்படிக் கொடுங்க.

மாமியார்: கேட்டதுக்குப் பதில் சொல்லுடி.

மகள்: நேத்து நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போயிருந்தப்ப போட்டேன். உள்ள மாட்டிக்கிச்சு. யார்கிட்ட போய்ச் சொல்றது? அதான் கைவைக்காதீங்கன்னேன்.

மாப்பிள்ளை: என்கிட்ட தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டு, நீ மட்டும் தனியா பார்க்கவா?

மகள்: உடைச்சுப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாம்னுதான். உயரமா இருக்கணும், நல்லாப் பாடணும், குதிரை ஓட்டணும்னு அரைமணி நேரம் உளறியிருக்கேன். அதுல ஒண்ணுகூட நீங்க இல்ல. பார்த்துட்டு மனசு ஒடிஞ்சு போயிடுவீங்களோன்னு எனக்குப் பயம். உங்களை மாதிரி ஒருத்தர் வேணும்னும் கேட்கலாம்னு பத்து வயசுல எனக்குத் தெரியலைங்க, அவ்வளவுதான்.