இன்னும் கொஞ்சம் திருப்பு

— பங்கஜம்! இப்ப பாரு, வந்துச்சா?

— இல்லீங்க. சத்தம் நல்லா வருது. படம்தான் ஒரே மூட்டமா இருக்குது.

— இன்னாடி இது பேஜாரு! காலையில இருந்து மொட்டை மாடியில நிக்கறேன். மெட்ராஸ் பக்கமா சாய்க்கட்டுமா?

— வேணாங்க. மெட்ராஸைப் பாக்கறது கம்பி ஆன்டனா. இது நேரா வானத்தைப் பாக்கணும்னு ஜியாவுல்லா படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனாரே. மேல இருக்கற சாட்டிலைட்ல இருந்து வருதாம்.

— அவனுக்கு இன்னா, ரேடியோ கடைக்காரன்! கோழிக்கூண்டு வலையில தட்டு கட்டி, அவன் வீடு ஓட்டு வீடுன்னு நம்ம மாடியில வெச்சுட்டான். கடையில கெடந்த பழைய டிவியையும் தூக்கியாந்து போட்டுட்டு, ஒயர் எடுக்கப் போய்ட்டான். இரு, ஒரு விரக்கடை நவுத்தறேன். இப்போ?

— அப்படியேதான் இருக்குது.

— ஒரு ஆளாவது தெரியுதா?

— யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்குது. ஆம்பளையா பொம்பளையான்னு தெரியல. குரலைக் கேட்டா பொம்பளைதான்.

— டில்லிக்காரங்க இந்தியில பேசறது நமக்கு எங்க புரியப் போவுது. நாள் முழுக்க தனியா உக்காந்து ஷூ தைக்கறியே, பேச்சுத் துணையாவது இருக்கட்டும்னுதான் நான் சரின்னேன்.

— தைக்கறதுக்கு வேலை இருந்தாத்தானே.

— அந்த ஷூ கம்பெனி காசிநாதன் பெரிய சூப்பர்வைசரு! நீ தச்ச ஷூவுல ரெண்டு கட்டைத் திருப்பி அனுப்பிட்டான். இந்த ஆம்பூர்ல பன்னெண்டு வருஷமா உன் தையல்ல ஒரு குத்தம் சொன்னவன் இல்ல. இப்ப மட்டும் கோணலாம்! நாளைக்கு வரட்டும், நாலு வார்த்தை கேக்கறேன்.

— ஐயோ, வாயைத் தொறக்காதீங்க. உங்களைத் தோல் டேனரி வேலையில இருந்து நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. அவரு நாளைக்குத் தைக்கக் குடுக்கற கட்டும் திரும்பி வந்துச்சுன்னா எனக்கும் வேலை இல்லன்னு சொல்லிட்டாரு.

— எல்லாம் அந்த ஊசியால வந்ததுடி. பக்கத்து வீட்டு சுந்தரியைக் கூப்பிட்டு நூல் கோக்கச் சொல்றியே, நான் பாக்கலன்னு நெனச்சியா? வேற ஊசி கேளு.

— கேக்கறேங்க. வாசல்ல யாரு?

— நான்தான்க்கா, ஜியாவுல்லா. அரே, இன்னாக்கா இவ்ளோ கிட்ட உக்காந்திருக்கே! டிவில மூக்கு இடிக்கப் போவுது.

— படமே வரலப்பா. அவரு திருப்பித் திருப்பி ஓஞ்சு போய்ட்டாரு.

— வரலையா? அக்கா, சும்மா பளிச்சுனு இருக்குது. அந்தம்மா மூக்குத்தி கூட தெரியுதே!

— மெதுவாப் பேசுப்பா. அவரு காதுல விழுந்துடப் போவுது.

— யா அல்லா... எவ்ளோ நாளா இப்படி?

— தீபாவளிக்கு முன்னால இருந்து. இன்னைக்கு உன் தட்டுலதான் கோளாறு, என் கண்ணுல இல்லன்னு மனசைத் தேத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுவும் போச்சு.

— அண்ணங்கிட்ட சொல்லுக்கா. நாளைக்கே வேலூரு ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் கூட வர்றேன்.

— போலாம். மொதல்ல காசிநாதன் கட்டைக் குடுத்துட்டுப் போவட்டும். தோல்ல ஓட்டை போட்டுத்தான் குடுப்பாங்க, விரலால தடவித் தடவியே தச்சுடுவேன். இவருக்குத் தெரிஞ்சா ஊசியைத் தொட வுடமாட்டாரு. ரெண்டு பேரும் சும்மா உக்காந்தா சோத்துக்கு எங்கப்பா போறது? உன் கால்ல வேணா விழறேன். இந்த ஒரு கட்டு வரைக்கும் சொல்லாதே.

— எழுந்திரு அக்கா. நீ போய் என் கால்ல...

— டேய் ஜியா! வந்துட்டியா? எனக்குக் கையே வுட்டுப் போச்சுடா. படம் வந்துச்சான்னு நீயாவது பாத்துச் சொல்லுடா!

— ஜியா, உன்னைத்தாம்ப்பா கேக்கறாரு.

— சீக்கிரம் சொல்லுடா. வந்துச்சா, வரலையா?

— வரலண்ணே. இன்னும் கொஞ்சம் திருப்பு.