இழுப்பறையில் இருந்த அறிவிப்பு

வானொலி நிலையம் நடத்துகிறவனுக்கு நல்ல குரல் இருக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்குக் கரகரத்த தொண்டை. ஒருநாளும் மைக் முன்னால் உட்கார்ந்ததில்லை.

தொலைந்த பிள்ளை, ரத்தம் தேவை, மின்தடை, எல்லாவற்றையும் இலவசமாகச் சொல்லும் நிலையம் எங்களுடையது. கேன் தண்ணீர் கம்பெனியின் விளம்பரத்தால்தான் அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். விளம்பரதாரரைத் தொடும் செய்தி எதுவானாலும் முதலில் அவர் காதில் போட்டுவிடுவோம். மரியாதைக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து ஒரு தாளை நீட்டினார். அந்தக் கம்பெனித் தண்ணீரில் கழிவுநீர் கலந்திருந்தது.

"கம்பெனியைப் பூட்ட மேலிடத்து உத்தரவு வரணும். அதுவரைக்கும் உங்க ரேடியோதான் சார். இப்பவே சொல்லிடுங்க."

வழக்கப்படி கம்பெனி முதலாளிக்குப் போன் செய்தேன். "திங்கக்கிழமை மறுபரிசோதனை முடிவு வந்துடும். அதுவரைக்கும் பொறுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் கடையைச் சாத்த வேண்டியதுதான்," என்றார். நிலையமே போய்விட்டால் நாளைக்கு ரத்தம் வேண்டும் என்பவன் யாரிடம் போவான்? எனக்கு வேறு வழி தெரியவில்லை. தாளை இழுப்பறையில் வைத்தேன்.

பிறகு வீட்டுக்குப் போன் செய்து, கேனில் இருப்பதைக் கொட்டிவிடச் சொன்னேன்.

"ஏங்க, என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. கேன் பழசு."

கட்டியவளிடம்கூட உண்மையைச் சொல்ல முடியாத நிலை. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் அறிவிப்பாளர் அதே தண்ணீரின் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தங்கை மாதிரி. குழந்தைகளுக்கும் ஏற்றது என்ற வரியைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பது கேட்பவருக்குத் தெரியும்.

வெளியே வந்ததும், "அண்ணே, ஆய்வாளர் வந்துட்டுப் போனாரே, அவசர அறிவிப்பு ஏதாவது இருக்கா?" என்றாள்.

"அவசரம் ஒண்ணுமில்லம்மா."

கீழே கடையில் ஒரு கேன் வாங்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் காரணம் கேட்பாள்.

சனிக்கிழமை ஆய்வாளர் போன் செய்தார். "சொல்லியாச்சா சார்?"

சொல்லியாயிற்று என்றேன். பாவம், அவருக்கும் நிம்மதி வேண்டுமே.

திங்கட்கிழமை முடிவு வருவதற்குள் ஆஸ்பத்திரி நிரம்பிவிட்டது. பதினொரு பேர் இறந்தார்கள். அவர்களில் அறிவிப்பாளரின் மகளுக்கு நான்கு வயது.

அன்று விளம்பரங்கள் அத்தனையையும் நிறுத்தினேன். எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி, எங்கே மருந்து கிடைக்கும் என்று நாள் முழுக்க அறிவித்தோம். ஊருக்கென்று ஒரு வானொலி இருப்பது எவ்வளவு அவசியம் என்று அன்றைக்காவது எல்லோருக்கும் புரிந்திருக்கும்.