நாச்சிமுத்து சொன்ன ‘வாரேன்’

கடல் தண்ணீர் ஆவியானாலும் அதிலுள்ள உப்பு ஆவியாவதில்லை. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தொட்டி வைத்திருப்பவன்தான் அதை தினமும் நினைத்துக்கொண்டிருப்பான். தண்ணீர் குறைந்தால் பிடித்து வைத்த மழைத் தண்ணீரைத்தான் விட வேண்டும். மேலும் கடல் தண்ணீரையே விட்டால் கரிப்பு ஏறி உள்ளே இருப்பதெல்லாம் செத்துப்போகும்.

என் பெயர் சென்னியப்பன். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு சப்ஸ்டேஷனில் ஆபரேட்டராக இருந்தேன். மழைக்கே வழியில்லாத ஊர் அது. அங்கே என் வீட்டு முன்னறையில், நாலடிக் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் வைத்திருந்தேன். உயிரோடிருக்கும் பவளக் கற்கள் ஏழு, விரலை நீட்டினால் பற்றிக்கொள்ளும் கடல் சாமந்தி ஒன்று, அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தும் ஆரஞ்சு மீன்கள் இரண்டு. சென்னியப்பனுக்கு மரை கழன்றுவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கடலைக் கொண்டுவந்தவன் நாச்சிமுத்து. எங்கள் ஆபீஸில் லைன்மேன், என்னைவிட எட்டு வயது இளையவன். அவன் தம்பி தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிவரும் லாரி ஓட்டினான். கேன்களில் தண்ணீரும், ஈரச் சாக்கில் சுற்றிய கற்களும் அந்த லாரியில்தான் வரும். ரோட்டில் இறக்கியதை நாச்சிமுத்து சைக்கிள் கேரியரில் கட்டி வீடு சேர்ப்பான். முதல் கேனைத் திறந்ததும் விரலைத் தொட்டு நக்கிப் பார்த்தான்.

“ஏனுங்ணா, கடலு இத்தன கரிக்குமுங்களா?” என்றான். அவன் கடலைப் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் தொட்டிக்கு முன்னால் வந்து உட்காருவான். அரைமணி நேரம் இரண்டு பேரும் மீன்களையே பார்த்துக்கொண்டிருப்போம். கல்யாணம் காட்சி எனக்கு அமையவில்லை. நாற்பத்தாறு வயதில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றிய ஒரே மனிதன் அவன்தான். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை நம்பாமல் மேலே படிப்பதில் பிரயோசனமில்லை.

கரண்ட் நின்றால் தொட்டிக்குள் காற்று விடும் குழாய் நின்றுவிடும். முதலில் சாமந்தி சாகும். அது அழுக ஆரம்பித்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். நான் டூட்டியில் இருக்கும்போது கரண்ட் போனால் நாச்சிமுத்து தன்னிடம் இருக்கும் சாவியால் வீட்டைத் திறந்து, சைக்கிள் பம்பை அந்தக் குழாயில் மாட்டிக் காற்று அடிப்பான். ஒரு தடவை இரண்டு மணி நேரம் அடித்துவிட்டு, கொப்பளித்த உள்ளங்கையைச் சிரித்துக்கொண்டே காட்டினான்.

எண்பத்து நாலாம் வருஷம், ஆடி மாசம். அந்த வாரம் மீன்கள் கல்லில் முட்டை வைத்திருந்தன. ஆண் மீன் இரவு பகலாகச் செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தது. பிள்ளைகுட்டி இல்லாதவனுக்கு அதைப் பார்க்கும்போது என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆடிக் காற்றில் புளியங்கிளை முறிந்து கம்பியில் விழுந்தது. என் வீட்டுக்குக் கரண்ட் வருகிற அதே லைன். பன்னிரண்டேகாலுக்கு நாச்சிமுத்து போனில் லைன் கிளியர் கேட்டான். நான் லைனை நிறுத்திக் கொடுத்தேன். வேலை முடிந்தது, ஆள் இறங்கியாயிற்று என்று கேட்டவனே திரும்பச் சொல்லும்வரை அந்தச் சுவிட்சை யாரும் தொடக்கூடாது. அதுதான் லைன் கிளியர். கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் செய்துவிட்டு ஏறுவது இன்னொரு பாதுகாப்பு; தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் போய்விடும். நான் டூட்டியில் இருந்தால் நாச்சிமுத்து அதைச் செய்ய மாட்டான். “அண்ணன் உள்ள இருக்கறப்ப எர்த்து எதுக்குங்க?” என்பான். இரண்டு முறை திட்டினேன். அப்புறம் திட்டுவதையும் விட்டுவிட்டேன். கேட்கச் சந்தோஷமாக இருந்தது என்பதுதான் காரணம்.

மூன்றேகாலுக்கு அரிசி மில்லிலிருந்து மறுபடி கூப்பிட்டான்.

“இன்சுலேட்டரு மாத்தியாச்சுங்ணா. ஜம்பர் கம்பி ஒண்ணு மட்டும் கட்டறது பாக்கி. மீனுகளுக்குக் காத்தில்லாம மூணு மணி நேரமாச்சுங்களே. வெரசா முடிச்சுப்போட்டு நேரா நம்மூட்டுக்குப் போயி பம்பு அடிக்கறனுங்க. வாரேனுங்ணா.”

விசாரணையில் நான் இப்படிச் சொன்னேன்: காற்றில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. ‘மாத்தியாச்சு’ என்றதும் ‘வாரேன்’ என்றதும் மட்டும் காதில் விழுந்தன. வேலை முடிந்து வருகிறான் என்று எடுத்துக்கொண்டேன். அதிகாரி நல்ல மனிதர். நம் ஆட்கள் யாரும் வாய் தவறிக்கூடப் போறேன் என்று சொல்ல மாட்டார்களே, அதிலும் கம்பம் ஏறுகிறவன் எப்படிச் சொல்வான் என்று வருத்தப்பட்டார். எர்த் செய்யாதது இறந்தவர் தவறு என்று எழுதினார். லைன் கிளியர் பேசும்போது ‘வாரேன்’ என்ற சொல் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. நாச்சிமுத்துவின் பெண்சாதி பெருமாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க என்னங்க பண்ணுவீங்க” என்று அழுதாள். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

அவன் பேசியது ஒரு எழுத்து விடாமல் எனக்குக் கேட்டது. மில்லிலிருந்து கம்பத்துக்கு நடந்தால் பத்து நிமிஷம். அதற்குள் ஐந்து நிமிஷம் கரண்ட் கொடுத்து நிறுத்திவிட்டால் தொட்டிக்கு மூச்சு வந்துவிடும், அவனுக்கும் ஒன்றும் ஆகாது. இப்படிக் கணக்குப் போட்டுத்தான் மூன்று இருபதுக்குச் சுவிட்சைப் போட்டேன். அவன் நடக்கவில்லை. என் மீன்களுக்காக சைக்கிளை மிதித்துக்கொண்டு போயிருக்கிறான்.

மில்லில் நெல் காயவைத்துவிட்டு அந்தக் கம்பத்து வழியே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ராமாயியும் சாட்சி சொன்னாள். “ஒருக்கா தூக்கிப் போட்டுச்சுங்க. பெல்ட்டுலயே தொங்கிக்கிட்டு, ‘அண்ணா, நிறுத்துங்க’ன்னு சத்தம் போட்டாருங்க. அப்பறம் மறுக்காவும் அடிச்சுதுங்க.” பயத்தில் உளறுகிறாள் என்று அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. லாக் புத்தகத்தில் ஒரு முறை போட்டதாகத்தான் இருந்தது. எழுதியவன் நான்.

ராமாயி உளறவில்லை. முதல் தடவை போட்ட இரண்டாவது நிமிஷமே சுவிட்ச் தானாக விழுந்துவிட்டது. கம்பியில் ஏதாவது பட்டால்தான் அப்படி விழும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கம்பியில் இருப்பது யார் என்பதும் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன், இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி இருந்தது. மறுபடியும் போட்டேன்.