கிழவிக்குப் புது இன்ஜின்

– ஏத்தாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன், நீங்க பாட்டுக்குச் சங்கிலியை இழுத்துக்கிட்டே இருக்கீங்களே மாஸ்டர்!

– கையை விட்டா இன்ஜின் என் கால் மேல இறங்கும் மேடம். கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. இதோ... மரக்கட்டை மேல உக்கார வெச்சாச்சு. இப்பச் சொல்லுங்க. யார் நீங்க?

– இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விட்டுட்டுப் போனாரே, அவரோட சம்சாரம்.

– அட, ஆடிட்டர் சார் வீட்டம்மாவா! மூக்குக்கண்ணாடிக் கடை உங்களுதுதானே? சார் சொன்னாரு.

– அவரா? அவர் வாயைத் திறந்து சொன்னாரா?

– போன் நம்பர் கேட்டேன். "கண்ணாடிக் கடை நம்பர் எழுதிக்குங்க, வீட்டம்மா எடுப்பா"ன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் "ம்"னாரு, கிளம்பிட்டாரு.

– அதானே பாத்தேன். சரி, அந்தப் பழைய இன்ஜினையே திருப்பி உள்ள வெச்சுடுங்க. புதுசு வேண்டாம்.

– சார் இல்ல மாத்தச் சொன்னாரு?

– அவர்கிட்ட நான் பேசிக்கறேன். பழசுக்குத்தாங்க மதிப்பு. இன்ஜினை மாத்திட்டா வண்டி தெரிஞ்சவங்க காறித் துப்ப மாட்டாங்களா?

– துப்பட்டும். நான் பாடியை அறுக்கல, புதுசா ஒரு ஓட்டை கூடப் போடல. தாங்கிப் பிடிக்கிறதுக்கு நாலு மவுன்ட் செஞ்சிருக்கேன், அதோட சரி. பழைய இன்ஜினைத் துணி சுத்தித் தந்துடறேன். நாளைக்கே மனசு மாறினா திருப்பி ஏத்திக்கலாம்.

– சத்தம் போயிடுமே.

– எந்தச் சத்தம்?

– அதான்... அந்த உறுமல்.

– சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இந்த வண்டிக்கு எத்தனை சிலிண்டர்னு சொல்லுங்க, பாப்போம்.

– ஆறு.

– நாலு.

– சமையல்கட்டுல இருக்கறதத் தவிர எனக்கு எந்த சிலிண்டரும் தெரியாது, போதுமா?

– அதுக்குத்தான் சொல்றேன், உறுமலை விடுங்க. இங்க குனிஞ்சு பாருங்க. தலைப்பக்கம் ஒரு கோடு ஓடுதா? விரிசல். தண்ணியும் ஆயிலும் ஒண்ணாக் கலந்து உள்ளுக்குள்ள கூழாக் கிடந்துது. என்னை விட வயசுல பெரிய வண்டி இது. ஆயுசுக்கும் உழைச்சாச்சு. இனிமே நடுரோட்டுல நின்னுக்கிட்டேதான் இருப்பா கிழவி.

– நிக்கட்டுமே!

– என்னது?

– நின்னா நின்னுட்டுப் போகட்டும்னேன்.

– நானும் ஸ்பானர் பிடிச்ச நாள்லேர்ந்து பாக்கறேன். "இந்தச் சனியனை எடைக்குப் போடுங்க, நடுவழில விட்டு மானத்த வாங்குது"ன்னு சண்டை போடற வீட்டம்மாவைப் பாத்திருக்கேன். நின்னா நிக்கட்டும்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்.

– எல்லார் வீட்டுக்காரரும் ஒரே மாதிரியா இருக்காங்க?

– சார் நல்ல மனுஷனாத்தானே இருக்காரு?

– தங்கமான மனுஷன். யாரு இல்லன்னா? குடி கிடையாது, கோவம் கிடையாது. பேச்சும் கிடையாது. காலையில "வரேன்". ராத்திரி "ம்". குழம்பு எப்படி இருக்குன்னு கேட்டா "ம்". எங்கக்கா போன்ல அரைமணி அழுதாளேன்னு சொன்னா அதுக்கும் "ம்". பொண்ணு வேலை கிடைச்சு வெளியூர் போனதுக்கப்புறம் வீட்டுல டிவி மட்டும்தான் முழு வாக்கியத்துல பேசுது.

– அதுக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் மேடம்?

– இருங்க, சொல்றேன். சிரிக்க மாட்டேன்னு சொல்லுங்க.

– கையெல்லாம் கிரீஸ். சிரிச்சா வாயை மூடக் கூட முடியாது. சொல்லுங்க.

– இந்த வண்டி வந்த புதுசுல, ஒரு நாள் மழையில நின்னு போச்சு. சுத்திலும் ஈ காக்கா இல்ல. இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி எதையோ பாத்தாரு. நனைஞ்சுக்கிட்டே வந்து உக்காந்தாரு. உக்காந்தவர் திடீர்னு பேச ஆரம்பிச்சாருங்க! சின்ன வயசுல திக்குவாயாம். வகுப்புல எழுந்து பாடம் படிச்சா மொத்தப் பசங்களும் சிரிப்பாங்களாம். வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பாராம். அதான் பேச்சைக் குறைச்சுக்கிட்டேன்னாரு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேனே, எனக்குத் தெரியாதுங்க இது! என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல. முன்னாடி ரோட்டைப் பாத்துக்கிட்டே அத்தனையும் கொட்டிட்டாரு. மழை விட்டு, வண்டி கிளம்பி, வீட்டுக்கு வந்தா...

– "ம்".

– "ம்"தான்! அன்னிலேர்ந்து பேய் மாதிரி காத்துக்கிட்டிருந்தேன், எப்படா மறுபடி நிக்கும்னு. நிக்கவே இல்ல பாவி. அப்ப ரிப்பேர் பண்ணவன் கெட்டிக்காரன் போல.

– ஓஹோ. அதுக்காகத்தான் அதை வெச்சீங்களா?

– எதை?

– மேடம்.

– என்ன எதை?

– நீங்க உக்கார்ற சீட்டுக்கு அடியில ஒரு ஸ்விட்ச் இருக்கு. கட்டில் ஓரமா, விளக்குக்கு வைப்பாங்களே, அந்த மாதிரி ஸ்விட்ச். அதுலேர்ந்து ஒரு வயர் பெட்ரோல் ஏத்தற பம்புக்குப் போகுது. வீட்டுக்குப் போடற வயர்! அதைப் பாத்து நான் தலையில அடிச்சுக்கிட்டேன். எந்த மடையன் போட்டான்?

– எங்க கடைக்கு லைட் போட வந்த எலெக்ட்ரீஷியன். ஐயோ... அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?

– எனக்கென்ன வேற வேலை இல்லையா? திருட்டுக்குப் பயந்து சாரே வெச்சிருப்பாருன்னு நினைச்சேன். அப்புறம் யோசிச்சா, திருட்டுக்கு வைக்கிறவர் பக்கத்து சீட்டுக்கு அடியில ஏன் வைக்கணும்? புரியாமத்தான் இருந்தேன். இப்பப் புரிஞ்சுது.

– சிரிக்காதீங்க!

– சிரிக்கல. அமுக்கினதும் வண்டி டக்குனு நிக்காதே? மிச்ச பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடுமே?

– கொஞ்ச தூரம் ஓடி, ரெண்டு இருமல் இருமி நிக்கும். அதனால தூரத்துல மரம் தெரியறப்பவே அமுக்கணும். நல்ல நிழலாப் பாத்து. ஆரம்பத்துல கணக்குத் தப்பி ஒரு தடவை லாரி ஸ்டாண்டுக்கு முன்னாடி நின்னுடுச்சு. அவ்வளவு புகையிலயும் பேசினாருங்க. எங்கக்காவைக் கண்டா அவருக்கு பயமாம்!

– திருட்டு வேலைன்னாலும் நல்லாப் பண்ணியிருக்கீங்க.

– பொண்ணு ஊருக்குப் போன மறு மாசம் ஒரு நாள் வண்டியை நிறுத்தினேன். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அவ ரூம்ல போய் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்னாரு. நான் டிவி பாத்துக்கிட்டிருப்பேன் பக்கத்து ரூம்ல. எனக்குத் தெரியாதுங்க. கார் நின்னாத்தான் எனக்கு எதுவுமே தெரிய வருது. இப்பச் சொல்லுங்க, இந்தப் புது இன்ஜினை ஏத்தணுமா?

– ஏத்திட்டு அந்த ஸ்விட்சை இதுலயும் மாட்டிட்டாப் போச்சு. இதுக்கா இவ்வளவு அழுகை?

– அழல. முடியுமா?

– நிக்கும். ஆனா இது கம்ப்யூட்டர் இன்ஜின் மேடம். பம்புக்கு கரண்ட் போகலன்னா ஒரு மஞ்ச விளக்கு எரியும். சார் இங்க எடுத்துட்டு வந்தா, எந்த வயர்ல கரண்ட் நின்னுச்சுன்னு எழுத்துல காட்டிடும். கிழவி மாதிரி உங்களுக்காக வாயை மூடிக்கிட்டு இருக்காது இது.

– அப்ப முடிஞ்சுது கதை.

– வீட்டுலயே உக்கார வெச்சுக் கேட்டா என்ன? "ஏங்க, நாலு வார்த்தை பேசுங்க"ன்னு.

– கேக்கலன்னா நினைக்கறீங்க? எதிர்ல உக்கார வெச்சுக் கேட்டா அவருக்கு உதடு துடிக்கும். அதைப் பாத்துட்டு எந்தப் பொண்டாட்டி மறுபடி கேப்பா? விடுங்க மாஸ்டர். என் தொழிலே கண்ணு பாக்கறதுதான். அவர் என்னைப் பாக்காம இருந்தாத்தான் பேசுவாரு, நான் என்ன பண்ணட்டும்? எனக்கு இந்த ஒரு வழிதான் இருந்துது. அதையும் நீங்க சங்கிலி போட்டு வெளிய தூக்கி வெச்சுட்டீங்க.

– மேடம், வாசல்ல...

– ஒரு விரிசலை அடைக்க முடியாதா உங்களால? என்ன மெக்கானிக் நீங்க?

– மேடம், பின்னாடி பாருங்க. வாங்க சார்! இப்பத்தான் உங்களப் பத்தி... வண்டியைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.

– ம்.

– என்னங்க, ஆபீஸ் இல்லையா?

– இருக்கு.

– நான் சும்மாதான் வந்தேங்க. வேலை எந்த மட்டுல இருக்குன்னு பாக்கலாம்னு.

– ம்.

– சார், மேடம், ரெண்டு பேரும் நிக்கறீங்களே. இங்க நாற்காலி கூட இல்ல. வண்டியிலயே உக்காருங்க. சீட் துடைச்சுதான் வெச்சிருக்கேன். எனக்கு ஒரு போல்ட் வாங்க வேண்டியிருக்கு.

– இங்கதான் டப்பா டப்பாவா போல்ட் இருக்கே மாஸ்டர்?

– இது வேற அளவு மேடம். கடை தூரம். மெதுவாத்தான் வருவேன்.

– மாஸ்டர் போயிட்டாரு. ஏறி உக்காருங்க.

– ம்.

– நீங்களாவது சொல்லுங்க. நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துது? எதுக்கு இப்ப இன்ஜினை மாத்தணும்?

– நிக்குதே.

– நின்னா என்ன? நான் ஒரு நாள் குறை சொல்லியிருக்கேனா?

– இல்ல.

– அப்புறம்?

– அந்த ஸ்விட்ச் மேல கால் படப்போகுது. பாத்து.

– ...எந்த ஸ்விட்ச்?

– உன் சீட்டுக்குக் கீழ இருக்கறது.

– மாஸ்டர் சொன்னாரா? சொல்லலன்னாரே படுபாவி!

– அவர் சொல்லல. லாரி ஸ்டாண்டுல நின்னப்பவே தெரியும். நீ குனிஞ்சு செருப்பைச் சரி பண்ணின. 'டக்'னு ஒரு சத்தம். கொஞ்ச தூரத்துல வண்டி இருமிச்சு.

– அத்தனை நாளா? அத்தனை நாளாவும் தெரிஞ்சேவா இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து பாத்தீங்க? அப்படி என்னத்தப் பாத்தீங்க உள்ள?

– ஒண்ணும் பாக்கல. என்ன சொல்றதுன்னு யோசிப்பேன். வார்த்தையை வரிசையா வெச்சுக்கறதுக்கு எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். வெச்சுக்கிட்டு வந்து உக்காருவேன்.

– எனக்கு வெக்கமா இருக்குங்க. உங்கள ஏமாத்தறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

– எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துது.

– ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, தெரியும்னு?

– சொன்னா நிறுத்த மாட்ட.

– அதுவும் சரிதான். அப்ப இப்ப மட்டும் ஏன் மாத்தறீங்க? கேக்கவே பயமா இருக்கு. போதும்னு தோணிடுச்சா? பேசினதெல்லாம் போதும்னு?

– போன மாசம் மேம்பாலத்துக்குக் கீழ நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?

– இருக்கு. நல்ல வெயில். இழுத்துட்டுப் போற வண்டிக்கு போன் போட்டுப் போட்டு எனக்கு உசுரே போச்சு.

– நான் பேசிக்கிட்டு இருந்தேன்.

– அன்னிக்கா?

– ரொம்ப நாளா வெச்சிருந்த ஒண்ணு. உன்னைப் பத்தி. பாதி சொன்னதுக்கப்புறம் திரும்பிப் பாத்தேன். நீ போனைக் காதுல வெச்சுக்கிட்டு முகவரி சொல்லிக்கிட்டு இருந்த. நீ கேக்கவே இல்ல.

– ஐயோ! அன்னிக்கு நான் அமுக்கலையேங்க! அது தானா நின்னுச்சுங்க!

– அதான். நீ நிறுத்தினயா, கிழவி நின்னாளான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. இந்தப் புது இன்ஜின் தானா நிக்காதாம். அந்த ஸ்விட்சை மட்டும் இதுலயும் மாட்டிடச் சொல்லு. இது நின்னா, நீ கேக்கறன்னு அர்த்தம்.